மெட்டில் ஓடிய ஏசி

அந்தச் சிவப்புக் காரை விற்று இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் தேவாரம் போகிற வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் அதைப் பார்த்தேன். பின் கதவில் நான் தோட்டத்துக் கேட்டில் உரசிய கீறல் அப்படியே இருந்தது. யாரோ முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பெட்ரோல் போடுகிற பெண் என்னையே பார்க்கிறாள் என்ற கூச்சம்கூட இல்லாமல், போய் அதன் பானெட்டில் கை வைத்தேன். சூடாக இருந்தது. வீட்டுக்கு வரும் வரைக்கும் அந்தச் சூடு உள்ளங்கையிலேயே இருந்ததாகத் தோன்றியது.

சின்னக் கார்தான். மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர் எஞ்சின், அதோடு ஒரு டர்போ. எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு குட்டிச் சக்கரம் சுற்றும். அது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள்ளே தள்ளும். காற்று கூடினால் வலு கூடும். இவ்வளவுதான் எனக்கு ஆரம்பத்தில் தெரிந்தது. பிறகு தெரிந்துகொண்டதெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டது.

எங்களுக்கு வீடு போடியில். போடிமெட்டு மலையைத் தாண்டி, கேரளாவுக்குள் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. தோட்டத்தைப் பார்ப்பது நான். வாரத்தில் மூன்று நாள் தனியாக மேலே ஏறி இறங்குவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் கணவரும் கூட வருவார். அவர் பொட்டிப்புரத்துக்காரர். தேனியில் ஒரு கார் ஷோரூமில் வேலை. அந்தக் காரை வாங்கியதும் அங்கேதான்.

அவருடைய வேலையைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. வாரண்டி பார்ப்பது அவர் வேலை. வாரண்டி முடியாத கார் எதிலாவது ஒரு சாமான் கெட்டுப்போனால், கம்பெனி இலவசமாக மாற்றித் தர வேண்டும். அதற்கு முன்னால், வண்டிக்காரர் வண்டியில் கைவைத்துக் கெடுத்திருக்கிறாரா என்று கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்து பார்த்து, ஒரு படிவம் நிரப்பி, கையெழுத்துப் போட்டு மதுரை ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கையெழுத்து என் கணவருடையது. பதினான்கு வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கேள்வியை ஒரு தடவைதான் கேட்பார். என்ன பதில் வருகிறதோ அதை எழுதிக்கொள்வார். வீட்டிலும் அப்படித்தான். "சாப்பாட்டுல உப்பு இருக்கா?" என்று நான் மூன்று தடவை கேட்பேன். அவர் "சாப்ட்டியா?" என்று ஒரு தடவை கேட்டால் அதோடு சரி.

ஒரு நாள் கம்பத்துப் பக்கமிருந்து திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் எங்கள் வீடு தேடி வந்தார். கையில் ஒரு கூடை பன்னீர் திராட்சை. அவர் காரில் எஞ்சின் கம்ப்யூட்டரை வெளியே எங்கேயோ மாற்றி எழுதி, வேகம் கூட்டி ஓட்டியிருக்கிறார். கிளட்சும் போய் டர்போவும் போய்விட்டது. "ஒரே ஒரு கையெழுத்து சார். ஒண்ணும் செய்யலன்னு எழுதிருங்க. ஒங்களத் தவிர யாருக்குத் தெரியப்போகுது?" என்று கெஞ்சினார். என் கணவர், "நீங்க சொன்னத எழுதிட்டேண்ணே. ஸ்கேன்ல வந்ததயும் எழுதிட்டேன். ரெண்டும் ஒண்ணா இல்ல" என்று மட்டும் சொன்னார். வந்தவர் விடாமல் பேசிக்கொண்டிருக்க, எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. உள்ளேயிருந்து வந்து, "செய்யிறதையும் செஞ்சுபுட்டு பொய் வேற சொல்றீகளா? இவுக வேலைக்கு வேட்டு வைக்கவா வந்தீக?" என்று கேட்டேன். அவர் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் கணவர் என்னைப் பார்த்து, "அவ்வளவு சத்தம் வேணாம்" என்றார். நான் ரொம்பச் சரியாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டு இட்லி ஊற்றப் போனேன்.

அந்தத் திராட்சைக்காரர் செய்த அதே வேலையை நானும் ஏன் செய்தேன் என்பதற்கு ஒரு கொண்டை ஊசி வளைவுதான் காரணம். மெட்டுக்குப் பதினேழு வளைவு. இந்தச் சின்ன டர்போ எஞ்சின் வேகத்தில் இருக்கும்போது இழுக்கும். வளைவில் வேகம் குறைத்தால் தூங்கிவிடும். குட்டிச் சக்கரம் மறுபடி சுற்றிக் காற்றுத் தள்ளும் வரைக்கும், ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் வண்டிக்கு ரோஷம் வராது. ஒரு திங்கட்கிழமை காலை பின் சீட்டில் மூன்று உர மூட்டை. பதினொன்றாவது வளைவில் இரண்டாவது கியரில் திருப்பினேன். வண்டி முனகியது, நின்றது, பின்னால் உருண்டது. பின்னாலேயே தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப். உள்ளே இருந்த பெண்கள் அத்தனை பேரும் என்னைத் தெரிந்தவர்கள்.

"ஏ ஆத்தா, நாங்க எறங்கித் தள்ளட்டுமா?" என்று ஒருத்தி கத்தினாள்.

ஜீப் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யக்கா, காருக்கு ஒரு பருத்திப்பால் வாங்கிக் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல" என்றார். மலை முழுக்கச் சிரித்தது மாதிரி இருந்தது. அன்றைக்குத் தோட்டத்தில் யார் என்ன கேட்டாலும் வள்ளென்று விழுந்தேன்.

தேவதானப்பட்டியிலிருந்து ஒருவன் வந்து, தேனி பைபாஸ் ஓரத்தில் ஷெட் போட்டிருந்தான். கோயம்புத்தூரில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டவன். லேப்டாப்பைக் காரில் மாட்டி, எஞ்சின் கம்ப்யூட்டரில் கம்பெனி எழுதி வைத்திருப்பதை எடுத்துவிட்டு, டர்போ இன்னும் சீக்கிரம் முழிக்கிற மாதிரி, இன்னும் அழுத்திக் காற்றுத் தள்ளுகிற மாதிரி மாற்றி எழுதித் தருவான். ரீமேப் என்று பெயர். மறுநாளே போனேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அவன் என்னை ஏமாற்றவில்லை. "அக்கா, வாரண்டி போயிரும். தெரிஞ்சுதான செய்றீக?" என்று முதலிலேயே கேட்டான். "கண்டுபிடிப்பாகளா?" என்று கேட்டேன். "பழையபடி திருப்பி எழுதிரலாம். ஆனா எத்தன தடவ எழுதியிருக்குன்னு உள்ள ஒரு கணக்கு ஏறும். அதத் தேடிப் பாக்குறவுக பாத்துருவாக" என்றான். தேடிப் பார்க்கிறவர் எங்கள் வீட்டில்தான் தூங்குகிறார் என்பதை அவனிடம் சொல்லவில்லை. நல்ல பெட்ரோல் போடச் சொன்னான். ஆயிலைச் சீக்கிரம் மாற்றச் சொன்னான். மலை ஏறி முடித்த பிறகு ஏதோ செய்யச் சொன்னான், அல்லது செய்ய வேண்டாம் என்றான். என் கண் அவன் கையில் இருந்த சாவியிலேயே இருந்தது. அவன் சொன்னதில் பாதி காதில் ஏறவே இல்லை.

அன்றைக்கு நேராக மலைக்குத்தான் விட்டேன். பதினொன்றாவது வளைவு வந்தது. திருப்பி, மிதித்தேன். ஒரு சின்ன விசில் சத்தம், அதோடு வண்டி என்னை சீட்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டு மேலே பாய்ந்தது. தனியாக இருந்ததால் வாய்விட்டுக் கத்தினேன். ஊஞ்சலில் உந்தி விட்டால் வயிற்றுக்குள் ஒன்று கூசுமே, அது நாற்பத்திரண்டு வயதில் திரும்பி வந்தது. அடுத்த வாரம் அதே ஜீப்பை ஏற்றத்தில் முந்தினேன். டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார். கேரளா செக்போஸ்ட்டில் இருந்த போலீஸ்காரர், "சேச்சி, மெல்லே, மெல்லே" என்று கையை அசைத்தார். அந்த வாரத்தில் என்னைவிடச் சந்தோஷமான பொம்பளை போடியில் இல்லை.

கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குத்தான் சங்கடம் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். உண்மை என்னவென்றால், பயம். அந்தத் திராட்சைக்காரரை நான் விரட்டியதை அவர் நேரில் பார்த்தவர்.

ரீமேப்புக்குப் பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஏறினேன். வேண்டுமென்றே மெதுவாகத்தான் ஓட்டினேன். ஆனாலும் மூன்றாவது வளைவு தாண்டும்போது கால் அடங்கவில்லை. அவர் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல. காத்து நல்லாருக்கு" என்றார்.

மெட்டில், கடைசி வளைவு ஏறி முடிந்ததும் பாறையோரத்தில் ஒரு கல்லுச்சாமி. சூலம், எலுமிச்சை, ஒரு தட்டில் திருநீறு. பூசாரி என்று யாரும் கிடையாது. மேலே ஏறுகிற எங்கள் ஆட்கள் எல்லாரும் அங்கே நிறுத்துவார்கள். நிறுத்தியதும் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். செருப்பைக் கழற்றி, திருநீறு எடுத்து நெற்றியில் கொஞ்சம், ஸ்டியரிங்கில் கொஞ்சம். எஞ்சின் ஓட ஓட இறங்கிக் கும்பிடுவது, செருப்புக் காலோடு கோயிலுக்குள் போவதற்குச் சமம். ஜீப், லாரி, பைக், எல்லாவற்றுக்கும் அதே சட்டம். நான் வண்டி பழகிய நாளிலிருந்து அந்த இடத்தில் என் கை தானாகச் சாவிக்குப் போய்விடும்.

அன்றைக்கும் போனது. அவர் என் கையைப் பிடித்தார்.

"அணைக்காத. எனக்கு வேர்க்குது. ஏசி கொஞ்சம் ஓடட்டும்."

மெட்டில் காலை ஏழு மணி. முன் கண்ணாடியில் பனி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஜீப்பில் வருகிற பெண்கள் தலையில் துண்டு சுற்றிக்கொண்டு நடுங்குகிறார்கள். இவருக்கு வேர்க்கிறதாம்.

"ஒடம்புக்கு என்ன செய்யுது?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

"ஒண்ணும் செய்யல. நீ போயிக் கும்புட்டு வா. நான் இங்கன இருக்கேன்."

எனக்குக் கோபம். "சாமிக்கு முன்னாடி வண்டிய ஓட விட்டுக்கிட்டா கும்புடுறது? அப்படி என்ன வேர்வ?" என்றேன். அவர் ஏசியைக் கூட்டி வைத்துவிட்டு, காற்று முகத்தில் படுகிற மாதிரி திருப்பிக்கொண்டார். காதோரம் மயிர் சிலிர்த்துக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். சாமியிடம் போய், "இந்த மனுசன் புத்தி இப்படி, நீதான் பொறுத்துக்கணும்" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். நான் திரும்பி வந்து உட்கார்ந்ததும், "இப்ப அணைச்சுக்க" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப்போய்க் கும்பிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இதே கூத்துதான். மழையிலும் வேர்த்தது. மார்கழியிலும் வேர்த்தது. சர்க்கரை இருக்குமோ என்று பயந்து பெரியகுளத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய் ரத்தம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "மலைக்குப் போனா மட்டும் வேர்க்குது டாக்டர்" என்று நான் சொன்னபோது, இவர் பக்கத்தில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது மாந்தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்தி மாம்பழம் வாங்கிக் கொடுத்தார். ஏன் என்று கேட்கவில்லை. சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

இப்போது நினைத்தால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காக மனசு அடித்துக்கொள்கிறது. டிபன் டப்பாவில் பொடி தடவிய இட்லி இருக்கும். ஆறாவது வளைவில் வெயில் முதன்முதலாகக் கண்ணாடியில் அடிக்கும். அவர் கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு கீழே போடியைப் பார்ப்பார். "அங்கன பாரு, நம்ம தெரு" என்று ஒவ்வொரு வாரமும் காட்டுவார். எனக்கு ஒரு வாரமும் தெரிந்ததில்லை. "ஆமா, ஆமா" என்பேன். அந்த விசில் சத்தத்துக்கு இடையில் நாங்கள் பேசினது மாதிரி வீட்டில் பேசிக்கொண்டதில்லை. ஏதாவது பேச்சுவாக்கில் நான் வளைவில் அழுத்தி மிதித்துவிட்டால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஓரக்கண்ணால் என் முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

தனியாகப் போகிற மூன்று நாளும் நான் பயபக்தியோடு நடந்துகொண்டேன். வளைவெல்லாம் மிதித்து ஏறி, சாமி முன்னால் நிறுத்தி, நிறுத்திய நிமிஷமே சாவியைத் திருப்பி அணைத்து, செருப்பைக் கழற்றினேன். ஞாயிற்றுக்கிழமை இவர் செய்கிற மரியாதைக்குறைவுக்கும் சேர்த்து மற்ற நாளில் சரிக்கட்டுவதாக நினைப்பு.

ஒரு வியாழக்கிழமை, பதினான்காவது வளைவில் விசில் ஊளையாக மாறியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை. ஜீப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போனார்கள். அன்றைக்கு ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. வண்டிக்கு வலுவே இல்லை. டர்போ செத்துவிட்டது.

அந்த நிமிஷம் நான் முதலில் யாருக்குப் போன் செய்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கணவருக்கு இல்லை, பைபாஸ் ஷெட்டுக்காரனுக்கு. வண்டியை உருட்டிக் கீழே இறக்கி, இழுவை வண்டியில் அவன் ஷெட்டுக்குக் கொண்டுபோய், பழையபடி கம்பெனி எழுதியிருந்ததையே திருப்பி எழுதச் சொன்னேன். அவன் தயங்கினான். "அக்கா, நெசத்தச் சொல்லிருங்க" என்றான். "நீ எழுது" என்றேன். அதற்குப் பிறகுதான் கணவரைக் கூப்பிட்டு, சும்மா ஏறிக்கொண்டிருக்கும்போது புகை வந்துவிட்டது என்றேன். சாயங்காலம் கார் அவருடைய ஷோரூமில் நின்றது. வாரண்டி முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது.

மறுநாள் ராத்திரி சாப்பிடும்போது கேட்டார். "வண்டியில ஏதாச்சும் கைவச்சியா?"

"இல்லையே" என்றேன். சோற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"சரி" என்றார்.

அவருடைய வழக்கம் எனக்குத் தெரியும். இரண்டாவது தடவை கேட்கமாட்டார். கொஞ்ச நேரம் கழித்து, தட்டைக் கழுவிக்கொண்டே, எல்லாரிடமும் சொல்கிற மாதிரி சொன்னார். "திங்கக்கெழம மதுரைக்கு அனுப்பணும். ஸ்கேன்ல வந்தத அப்படியே சேத்து வைக்கணும். ஓனர் என்ன சொன்னாகன்னு ஒரு எடம் இருக்கு. அதுல நீ சொன்னத எழுதுவேன். கீழ என் கையெழுத்து."

அன்றைக்கு எனக்குத் தூக்கம் இல்லை. இவர் பொய் எழுதமாட்டார். ஸ்கேனில் வந்ததை மறைக்கவும் மாட்டார். இரண்டு தடவை மாற்றி எழுதியிருக்கிறது என்று ஒரு தாளில் இருக்கும். ஒன்றுமே செய்யவில்லை என்று இன்னொரு தாளில் இருக்கும். சொன்னது பெண்டாட்டி, எழுதியது புருஷன். மதுரை ஆபீசில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? பெண்டாட்டி காருக்கு டர்போ வாங்கக் கூட்டுச் சேர்ந்தான் என்றுதான் நினைப்பார்கள். பதினான்கு வருஷத்தில் ஒரு கூடை திராட்சையைத் தொடாதவர். அவருக்கு அந்த நாற்காலி போய்விடும். என் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தையால் போய்விடும். அவர் அதைத் தெரிந்துகொண்டே, நான் சொன்னதை எழுதிக்கொண்டு போவார். 'செய்யிறதையும் செஞ்சுபுட்டு பொய் வேற சொல்றீகளா' என்று என் குரலே எனக்குக் கேட்டது. அந்தத் திராட்சைக்காரர் கூடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாரே, அவர் முதுகு கண் முன்னால் நின்றது.

சனிக்கிழமை சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன், வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கார் இல்லை, மலை இல்லை. இரண்டு பேரும் வீட்டிலேயே இருந்தோம். அவர் பழைய துணியெல்லாம் எடுத்து அயர்ன் செய்தார். அப்போதும் எனக்கு வாய் திறக்கவில்லை. வீட்டுக்குள் நான் அவரை அதட்டியே பழகியவள். தப்பு என்னுடையது என்று சொல்வதற்கு அந்த வீட்டில் எனக்கு ஒரு இடம் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை அவர் கிளம்பிய பிறகு பஸ் பிடித்துத் தேனிக்குப் போனேன். ஷோரூமில் டோக்கன் வாங்கி, மற்ற ஆட்களோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் அவர் மேஜைக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. படிவத்தை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க. என்ன கம்ப்ளைண்ட்?" என்றார். இருபது வருஷத்தில் அவர் என்னை 'ங்க' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"நான் ரீமேப் பண்ணேன்" என்றேன். குரல் கூடிவிட்டது. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். "பைபாஸ்ல போயிப் பண்ணேன். எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. வண்டி கெட்டதும் திருப்பி எழுதச் சொன்னதும் நான்தான். வீட்டுல கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன். அதையும் எழுதுங்க."

அவர் எழுதினார். நிதானமாக, ஒவ்வொரு வரியாக எழுதினார். "மேல ஏறி நின்னதும் எஞ்சின அணைப்பீகளா?" என்று படிவத்தில் இருக்கிற கேள்வி மாதிரியே கேட்டார்.

"ஒடனே அணைச்சிருவேன். சாமிக்கு முன்னாடில்ல?"

"ஏத்தத்துல டர்போ கொதிச்சுப்போயி இருக்கும். அணைச்சதும் ஆயில் ஓட்டம் நின்னுரும். உள்ள நிக்கிற ஆயில் தோசைக்கல்லுல விட்ட எண்ண மாதிரி கருகி ஒட்டிக்கிரும். ஒரு நிமிசம் சும்மா ஓடவிட்டு அணைக்கணும். கம்பெனி குடுத்த புஸ்தகத்துலயே இருக்கு. சாதா வண்டி ஓரளவு தாங்கிக்கிரும், ரீமேப் பண்ண வண்டின்னா இன்னும் சூடு, தாங்காது." எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்கிற அதே குரலில் சொன்னார். எனக்குப் பைபாஸ் ஷெட்டுக்காரன் சொல்லி நான் காதில் வாங்காத பாதி அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வாரண்டி கிடையாது என்ற இடத்தில் டிக் அடித்தார். படிவத்தை என் பக்கம் திருப்பினார். நான் கையெழுத்துப் போட்டேன். அவர் போட்டார். இரண்டு கையெழுத்தும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. கடைசியாக அப்படி இருந்தது எங்கள் கல்யாணப் பதிவில்தான். டர்போவை எங்கள் கைக்காசைப் போட்டு மாற்றிக்கொண்டோம். அவருடைய நாற்காலி இன்றைக்கும் அவருடையதுதான்.

சாயங்காலம் அவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போடிக்குத் திரும்பினேன். பாதி வழி தாண்டியதும் நான்தான் ஆரம்பித்தேன்.

"நான் வராம இருந்திருந்தா?"

"அனுப்பியிருப்பேன்."

"ஸ்கேன்ல பாத்ததும் தெரிஞ்சிருச்சா?"

"அதுக்கு முன்னாடியே தெரியும்."

"எப்ப?"

"மொத ஞாயித்துக்கெழம. மூணாவது வளைவுல."

"அப்பவே ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்லங்க?"

"கேட்டா நீ சொல்லிருவ. சொல்லிட்டா எனக்குத் தெரிஞ்சதாயிரும். எழுதணும். வண்டியப் பழையபடி மாத்தச் சொல்லணும்." ஒரு லாரிக்கு வழி விட்டார். "நீ வளைவுல சிரிச்சுக்கிட்டே ஓட்டுன. அத நிப்பாட்ட மனசு வரல."

கொஞ்ச தூரம் போனதும், தலையைத் திருப்பாமலே சொன்னார்.

"அதான் வேர்க்குதுன்னு சொன்னேன்."

ஒன்றன் பின் ஒன்றாக அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் என் கண் முன்னால் வந்தது. பனியில் ஏசிக் காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு, மயிர் சிலிர்க்க உட்கார்ந்திருந்த மனுஷன். ரத்தம் கொடுக்க டாக்டர் முன்னால் வாய் திறக்காமல் கையை நீட்டியவர். ஞாயிற்றுக்கிழமை அவர் காப்பாற்றி வைத்ததை மற்ற மூன்று நாளும் நான் பக்தியோடு கருக்கிக்கொண்டிருந்தேன். அவர் முதுகில் முகத்தை வைத்து, ரோட்டில் போகிறவர்கள் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதேன். சித்திரை வெயில். அவர் சட்டை நிஜமாகவே வேர்வையில் நனைந்திருந்தது.

அந்தக் காரைப் பிறகும் ஒரு வருஷம் வைத்திருந்தோம், கம்பெனி எழுதியபடியே. பதினொன்றாவது வளைவில் மறுபடியும் முனகியது. ஜீப்புக்காரர் மறுபடியும் கேலி செய்தார். எனக்கு முன்னே மாதிரி கோபம் வரவில்லை. அப்புறம் உர மூட்டைக்குத் தோதாகப் பெரிய வண்டி வாங்கினோம். இதில் டர்போ கிடையாது. ஏறி நின்றதும் அணைத்தால் ஒன்றும் ஆகாது. அவரே சொல்லியிருக்கிறார்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மெட்டில் சாமி முன்னால் நிறுத்தியதும், சாவிக்குப் போகிற கையை நான் பிடித்து வைத்துக்கொள்கிறேன்.

"வேர்க்குதா?" என்று கேட்கிறேன்.

"லேசா" என்கிறார்.

ஏசியைப் போட்டுவிட்டு, இரண்டு பேரும் குளிரில் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருக்கிறோம். பிறகு அணைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சேர்ந்து போய்க் கும்பிடுகிறோம்.